இணைப்பு ஒன்று

பாளையங்கோட்டை மாநகராட்சிப் பள்ளி,
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, மூன்றாவது பாடவேளை.
கடைசி பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து
எனக்கொரு இடம் கொடுத்தார்கள்.
மடியில் பார்வைப் படிவம், நான்கு பக்கம்.
ஆனிக் காற்று அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது,
எனக்கும் மேலே ஒரு அதிகாரி போல.

ஞானதிரவியம் சார் சலவைச் சட்டையில் நிற்கிறார்.
ஏற்றக்கோணம் அறுபது பாகை.
தூரம் நாற்பது மீட்டர்.
கோபுரத்தின் உயரம் என்ன?
கேள்வி முடியுமுன்னே முப்பத்தெட்டு கைகள்.
"நாற்பது ரூட் மூணு, சார்."
ஒரே குரல், ஒரே மூச்சு,
அசெம்பிளியில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி.

பக்கத்தில் சுடலைக்கண்ணு
முழங்கையால் நோட்டை மறைக்கத்தான் பார்த்தான்.
நேற்றைய தேதி. அதே கோபுரம். அதே நாற்பது.
விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு.

நான் கோபப்படவில்லை.
பேட்டையில் வேலை பார்த்தபோது
ஆய்வுக்கு முந்தின நாள் ஒரு வட்டத்தைப் போட்டு அழித்து
மறுநாள் அந்தத் தடத்தின் மேலேயே வரைந்தவள் நான்.
கை நடுங்கவே இல்லை.

"சார், அறுபதை முப்பது ஆக்கிப் பாருங்களேன்" என்றேன்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
அறுபதை அழித்தார். முப்பது எழுதினார்.
பழகின கை பழகின வழியே இறங்கிப் போய்
மறுபடியும் நாற்பது ரூட் மூணு என்று முடித்தது.
முப்பத்தெட்டு பேனாக்கள் அதையும் எழுதிக்கொண்டன.

ஒரு பேனா எழுதவில்லை.
மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஜைத்தூன்,
நேற்று வராதவள்,
இன்றும் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டு
பாதிக் கேள்வியில் உள்ளே நுழைந்தவள்.
ஜன்னலுக்கு வெளியே ஊசிக்கோபுரத்தைப் பார்த்தபடி கேட்டாள்:
"நிக்கிற இடம் அதேதான். தலைய மட்டும் கொஞ்சமாத் தூக்குறோம்.
பெறகு எப்படி சார் கோபுரம் அதே உசரத்துல இருக்கும்?"

சுண்ணக்கட்டி நின்றது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
"தப்புதாம்மா. அழிச்சிருவோம்."

அதற்குப் பிறகுதான் வகுப்பு தொடங்கியது.
கோணம் பாதின்னா உயரமும் பாதிதானல என்று
சுடலைக்கண்ணு எழுந்தான், நோட்டை மூடி வைத்துவிட்டு.
முன்வரிசை இல்லை என்றது.
ஜன்னலோரம் பந்தயம் கட்டியது: ஒரு கடலைமிட்டாய்.
வகுத்தார்கள், அடித்தார்கள், மறுபடி வகுத்தார்கள்.
மூன்றில் ஒன்று.
பாதிக் கோணத்துக்கு மூன்றில் ஒரு பங்குக் கோபுரம்!
ஏன்?
ரூட் மூணை வைத்துச் சொல்லிவிடலாம்.
கண்ணுக்குத் தெரிகிற மாதிரிச் சொல்ல
எனக்கும் வரவில்லை. மணி அடித்துவிட்டது.

படிவத்தில் எழுதினேன்:
'பதினொன்று இருபதுக்கு ஆசிரியர் ஒரு பிழை செய்தார்.
நல்ல வகுப்பு.'

அலுவலகம் முதல் வாக்கியத்தை மட்டும் படித்தது.
ஒன்பதாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ.
இருபத்திரண்டு வருஷப் பணிப்பதிவேட்டில்
என் ஒரு வரி போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது.
போனில் கூப்பிட்டேன்.
எடுக்கவில்லை.

அவர் பதில் என் மேசை வழியாகத்தான் மேலே போகவேண்டும்.
வந்தது, முறைப்படி:

'ஐயா, பிழை நேர்ந்தது உண்மை.
கண்டுபிடித்தவர் அதே வகுப்பு மாணவி மு. ஜைத்தூன்.
அன்று முதல் வாரம் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவருகிறேன்,
பெரும்பாலும் வேண்டுமென்றே.
அன்றைய கணக்கின் விடை, இணைப்பு ஒன்றில்.'

இணைப்பு ஒன்று, கிழித்த நோட்டுத் தாள்.
கோபுரத்துக்கு மறுபக்கம், அதே நாற்பதில்,
இன்னொரு ஆளை நிறுத்தியிருக்கிறார்கள்.
இரண்டு பேரும் உச்சியைப் பார்க்கிறார்கள்: சமபக்க முக்கோணம்.
அறுபதைப் பாதியாக்கின இரண்டு பார்வைகளும்
கோபுரத்தின் மேல் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன,
கீழிருந்து மூன்றில் ஒன்றில்.
நடுக்கோட்டுச் சந்தி.
எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன் அதை,
வேறொரு பாடத்தில், வேறொரு பக்கத்தில்.

ஓரத்தில் சின்ன எழுத்தில்:
சுடலைக்கண்ணு மிட்டாய் இன்னும் தரவில்லை.

மேலொப்பம் என்று போட்ட இடத்தில்
பச்சைப் பேனாவை வைத்துவிட்டு
ஒரு பென்சில் தேடினேன், வரைந்து பார்க்க.